தொலைந்த பொம்மையும் பெற்றோர் கருத்துகளும்



சிறுவர்க்கான படக்கதை நூல்களை நம்மவர் பெரும்பாலும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. முப்பத்திரண்டு பக்கங்கள், சில நூறு சொற்கள், மிகுதி யாவும் படங்கள். பாடநூலும் பயிற்சி நூலும் பெறும் மதிப்பை இவை பெறுவதில்லை. எனினும் ஒரு பிள்ளை தன் வாழ்வில் முதன்முதலாகச் சந்திக்கும் இலக்கியம் இதுவேயாம். அழுகை, அச்சம், பிரிவு, ஆறுதல் ஆகியன எவ்வாறு சொல்லப்படுகின்றன என்பதை அப்பிள்ளை முதலில் இங்கேதான் காண்கின்றது. ஆதலால் இந்நூல்களைப் பற்றிப் பெற்றோர் கருத்துரைப்பதும் வாதிடுவதும் நல்ல அறிகுறியே எனலாம்.

படக்கதை நூல்களுள் ஒரு தனிவகை உண்டு. அன்புக்குரிய விளையாட்டுப் பொருளொன்று தொலைந்துபோவதும், அதனைத் தேடுவதுமே இவ்வகை நூல்களின் கதைப்பொருள். இவற்றைப் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்கின்றனர். பெற்றோரோ இரு பிரிவினராகின்றனர். ஒரு சாரார் போற்றுகின்றனர்; மறுசாரார் முகஞ்சுழிக்கின்றனர். இரு சாராரும் கூறுவன யாவை, அவற்றுள் நாம் கொள்ளத்தக்கன யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று நூல்கள்

முதலாவது, இங்கிலாந்தின் ஷேர்லி ஹியூஸ் அம்மையார் எழுதி ஓவியமும் தீட்டி 1977 ஆம் ஆண்டு வெளிவந்த ‘டொகர்’ என்னும் நூல். டேவ் என்னும் சிறுவனுக்கு டொகர் என்றொரு பழைய நாய்ப் பொம்மை. அது காணாமற் போகின்றது. வீடெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் பாடசாலைக் கோடைவிழாவில், பழைய விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் அது விலைக்கு வைக்கப்பட்டிருப்பதை டேவ் காண்கிறான். அவனிடம் போதிய காசில்லை. உதவிக்கு ஆள் தேடிச் சென்று திரும்புவதற்குள் வேறொரு சிறுமி அதனை வாங்கிவிடுகிறாள். அவ்வேளை அவன் அக்கா பெல்லா, அன்று சீட்டிழுப்பிற் பரிசாகப் பெற்ற பெரிய கரடிப் பொம்மையை அச்சிறுமிக்குக் கொடுத்து டொகரை மீட்டுத் தருகிறாள். தம் மகனது பொம்மையை முன்மாதிரியாகக் கொண்டே அம்மையார் டொகரைப் படைத்தார். இந்நூல் கேற் கிறீன்அவே பதக்கம் பெற்றது. அன்றியும், அதுவரை அப்பதக்கம் பெற்ற நூல்கள் அனைத்துள்ளும் சிறந்ததென 2007 ஆம் ஆண்டு பொதுமக்கள் வாக்களித்துத் தெரிவு செய்ததும் இதனையே.

இரண்டாவது நூல் நமது ரொறன்ரோ மாநகரில் வாழ்ந்த ஃபீபி கில்மன் அம்மையார் 1992 இல் வெளியிட்டது. ‘ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். தையற்காரரான பாட்டனார் தம் பேரன் ஜோசப்பிற்கு ஒரு போர்வை தைத்துக் கொடுக்கிறார். அது பழையதாகிக் கிழிந்தபோது, எறிந்துவிடு என்கிறாள் தாய். பாட்டனாரோ அதனை வெட்டித் தைத்து மேலங்கியாக்குகிறார். மேலங்கி சிறிதாகக் கையில்லாச் சட்டை, பின்னர் கழுத்துப்பட்டி, பின்னர் கைக்குட்டை, ஈற்றில் ஒரு பொத்தான். அப்பொத்தானும் தொலைந்துவிடுகிறது. இனித் தைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் ஜோசப் எழுதுகோலை எடுத்து அந்தப் போர்வையின் கதையை எழுதுகிறான். யூத மக்களிடையே வழங்கிய பழங்கதையொன்றைத் தழுவியது இந்நூல்.

மூன்றாவது, அமெரிக்கரான மோ வில்லெம்ஸ் 2004 இல் வெளியிட்ட ‘கனஃபிள் பனி’. நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில், இன்னும் பேசப் பழகாத திரிக்சி என்னும் குழந்தை, தந்தையுடன் உடுப்புத் தோய்க்கும் நிலையத்துக்குச் செல்கிறாள். திரும்பி வரும் வழியில் தன் முயற்பொம்மை கையில் இல்லாததை உணர்கிறாள். அதனைத் தந்தைக்குச் சொல்ல முயல்கிறாள், சொற்கள் இல்லை. மழலைக் குழறலே வருகின்றது. வீட்டுக்குப் போகின்றோம் என்பதையே அவள் சொல்வதாகத் தந்தை எண்ணிக்கொள்கிறார். குழந்தை கதறுகிறாள், உடலைத் துவளவிட்டு நடக்க மறுக்கிறாள். வீட்டுக் கதவைத் திறந்த தாய்க்கோ ஒரே பார்வையில் விளங்கிவிடுகிறது. குடும்பமே ஓடிச் சென்று தேடுகின்றது. தந்தை விடாது தேடிக் கண்டெடுக்க, குழந்தை அம்முயலின் பெயரைக் கூவுகிறாள். அதுவே அவள் வாயிலிருந்து வந்த முதற்சொல். சாம்பல் நிறச் சாயலுள்ள உண்மை ஒளிப்படங்களின்மேல் வண்ணச் சித்திரங்களை வரைந்து அமைத்த இந்நூல், 2005 இல் கோல்டெகொற் மதிப்புநூலாகச் சிறப்பிக்கப்பட்டது.

பார்க்டேல் வாழ் பிள்ளைகளுக்கு இக்கதையின் களம் புதியதன்று. ஜேம்சன் அவெனியூத் தொடர்மாடிகளின் கீழ்த்தளங்களிலும் குவீன் வீதியிலும் காசு போட்டு இயக்கும் சலவை இயந்திரங்களின் முன்னே பெற்றோருடன் காத்திருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்! அவ்வட்டக் கண்ணாடிக்குள் தம் உடுப்புகள் சுழல்வதைப் பார்த்திருந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆதலின் இக்கதை அவர்கள் நெஞ்சில் எளிதிற் பதிகின்றது.

இனி, பெற்றோர் கருத்துகளுக்கு வருவோம்.

அடம்பிடிக்கப் பழக்குகிறதா?

தெருவில் விழுந்து அழும் குழந்தையைப் படம் போட்டுக் காட்டினால், அதனைப் பார்க்கும் பிள்ளையும் அவ்வாறே செய்யும் என்பது ஒரு கருத்து. ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்னும் முதுமொழியை இவர்கள் துணைக்கு அழைப்பர்.

இக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கதையை ஊன்றி நோக்குதல் வேண்டும். திரிக்சி வாங்கித் தராத பொருளுக்காக அழவில்லை. தான் அறிந்த ஓர் உண்மையை அறிவிக்க இயலாமல் அழுகிறாள். முதலில் அவள் சொல்லிப் பார்க்கிறாள். பின்னர் கைகளால் காட்டிப் பார்க்கிறாள். எல்லாம் பயனற்றுப்போன பின்னரே அழுகிறாள். விருப்பம் நிறைவேறாத அழுகை வேறு. விளங்கிக்கொள்ளப்படாத அழுகை வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியப் பெற்றோருக்கு இக்கதை கற்பிக்கின்றதேயன்றிப் பிள்ளைக்கு அடம் கற்பிக்கவில்லை.

தந்தையை இழிவு செய்கிறதா?

கதையில் வரும் தந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. தாய்க்கு மட்டும் எல்லாம் தெரிகின்றது. இது தந்தையரைக் குறைவாகக் காட்டுகிறது என்பது மற்றொரு கருத்து. இரண்டு வேலைகள் செய்து, உறங்கும் நேரத்தையும் குறைத்து, கிடைத்த ஓய்வுநாளில் உடுப்பு மூட்டையையும் பிள்ளையையும் தூக்கிச் செல்லும் தந்தையர்க்கு இது சற்று உறுத்தவே செய்யும்.

ஆயினும் அத்தந்தை அன்பற்றவர் அல்லர். அவர் செய்த பிழை ஒன்றே. பிள்ளை என்ன சொல்கின்றது என்பதை நின்று கேளாமல், தாமே ஒரு விடையை முடிவு செய்துகொண்டார். இப்பிழை தந்தையர்க்கு மட்டும் உரியதன்று. தாய்மாரும் ஆசிரியரும் நாள்தோறும் செய்வதே. இறுதியில் முதல்முறை தேடிக் கிடைக்காதபோது, இன்னும் நன்றாகத் தேடுவேன் என்று முனைந்து கண்டெடுப்பவரும் அதே தந்தைதான்.

நம் பண்பாட்டிற்கு உரியதா?

பொம்மையைக் கட்டிக்கொண்டு உறங்குவது வெள்ளையர் வழக்கம். நம் பிள்ளைகள் தாயின் அணைப்பிலும் அம்மம்மாவின் சேலைத் தலைப்பிலும் உறங்குபவர்கள். நமக்கு இக்கதை எதற்கு என்று வினவுவோரும் உளர். இக்கருத்துக்கு ஆய்வுலகிலும் ஆதாரம் உண்டு. 1951 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகொற் ஒரு கட்டுரையை அவையில் வாசித்தார். தாயே தான் என்று எண்ணியிருந்த குழந்தை, தாய் வேறு தான் வேறு என்று உணரத் தொடங்கும் இடைக்காலத்தில், ஒரு துணியையோ பொம்மையையோ பற்றிக்கொள்கின்றது. அப்பொருள் தாய்க்கும் வெளியுலகிற்கும் நடுவே ஒரு பாலமாகின்றது என்பது அவர் விளக்கம். அப்பொருளின் மணமும் தொடுகையும் மாறாதிருத்தல் குழந்தைக்கு இன்றியமையாதது என்றும், அதனைத் தோய்ப்பதுகூட அத்தொடர்ச்சியைத் துண்டித்துவிடக்கூடும் என்றும் அவர் எழுதினார். முயலைச் சலவை இயந்திரத்தில் தொலைத்த திரிக்சியின் துயரத்தை இவ்விளக்கத்தோடு வைத்துப் பார்த்தால் அதன் ஆழம் புலப்படும்.

பின்னர் 1970களில் இத்தாலியிலும், கொரிய அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டும் நிகழ்ந்த ஆய்வுகள் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தின. தாயுடன் உறங்கும் குழந்தைகளிடம் இவ்வகைப் பற்றுப்பொருள் குறைவாகவே காணப்பட்டது. ஆகவே, ஊரில் நம் பிள்ளைகளுக்கு இது பெரிதும் தேவைப்படவில்லை என்று பெற்றோர் கூறுவது பொய்யன்று. ஆனால் இங்கே நம் வாழ்க்கை மாறிவிட்டது. தனியறை, தனிக்கட்டில், ஒரு வயதிலேயே பிள்ளைப் பராமரிப்பு நிலையம் என்று வாழும் பிள்ளைக்குச் சேலைத் தலைப்பின் இடத்தைக் கரடியோ முயலோ நிரப்புகின்றது. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

மேலும், விளையாட்டுப் பொருளின் பெருமையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பட்டினப்பாலையில் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேர் வருகின்றது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன விளையாட்டின் பெயராலேயே அமைந்தன. தமிழகத்துச் சிறுமியர்க்கு மரப்பாச்சி. யாழ்ப்பாணத்துச் சிறுமியர்க்குத் துணியால் செய்த பாவைப்பிள்ளை. சிறுவர்க்கு நுங்குக் கோம்பை வண்டில். ஆகவே, பொருள் வேறாயினும் பற்று ஒன்றே என்க.

இதுவும் ஓர் இழப்பா?

இனிக் கூறப்போவதே நம்மவர் கருத்துகளுள் மிகவும் கனமானது. பொம்மை தொலைந்ததற்கு ஒரு நூலா? அதற்கொரு கண்ணீரா? நாங்கள் வீட்டைத் தொலைத்தோம், ஊரைத் தொலைத்தோம், உற்றாரைத் தொலைத்தோம் என்பது அக்கருத்து.

இதனை எவரும் இலகுவிற் புறந்தள்ளிவிட முடியாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் கொழும்பில் உடுத்த உடையோடு ஓடியவர்கள் நம்மிடையே உளர். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்து, மீனவரால் மீட்கப்பட்ட 155 தமிழரை அறியாதார் யார்? 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டு வெளியேறினர். அந்நெடும் வழியில் எத்தனை பிள்ளைகளின் பாவைப்பிள்ளைகள் சேற்றில் விழுந்து கிடந்திருக்கும்! அவற்றுக்காக நின்று அழுவதற்கு எவருக்கும் அன்று நேரமிருக்கவில்லை.

ஆயினும், பெற்றோர்களே, இங்கே சற்றுச் சிந்தித்தல் வேண்டும். நமது இழப்பு பெரிது என்பதனால் பிள்ளையின் இழப்பு சிறிதாகிவிடுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு உலகம் சிறியது. அச்சிறிய உலகில் அந்த முயல் பெரும்பங்கு. நாம் ஊரை விட்டு வந்தபோது உணர்ந்த அதே உணர்ச்சியைத்தான், அளவிற் சிறிதாக, அப்பிள்ளை அன்று உணர்கின்றது. ‘இதற்கெல்லாம் அழுவதா?’ என்று வாயடைத்துவிட்டால், அழுகை நின்றுவிடும்; துயரம் நிற்பதில்லை. அன்றியும், தன் துயரத்தைச் சொல்ல இடம் பெறாத பிள்ளை, பெற்றோரின் துயரத்தைக் கேட்கவும் கற்பதில்லை. பிற்காலத்தில் நாம் நம் ஊரின் கதையைச் சொல்ல விரும்பும்போது, கேட்கும் செவி அங்கே இராது. பிள்ளையின் சிறிய இழப்பை மதித்துக் கேட்பது, நமது பெரிய இழப்பைக் கேட்கும் மனத்தை அப்பிள்ளையிடம் வளர்ப்பதாகும்.

பொத்தான் தொலைந்த பின்னரும் ஜோசப்பிடம் கதை எஞ்சியிருந்தது. பாட்டனாரின் உழைப்பு முழுவதும் அக்கதையில் வாழ்கின்றது. ஒன்றுமில்லாமல் வந்தோம் என்று கூறும் நம்மிடம் எஞ்சியதும் அதுவேயன்றோ?

மழலையும் மொழியும்

குழறலை அச்சிட்டுக் காட்டுவது மொழி வளர்ச்சிக்கு உதவாது என்பாரும் உளர். மழலையின் இனிமையைப் போற்றிய வள்ளுவர் பரம்பரையில் வந்தோர் இவ்வாறு கூறுதல் தகாது! அது நிற்க, இவ்விடத்தில்தான் தமிழ்ப் பள்ளிக்கு இக்கதை ஓர் உண்மையான பாடத்தை வழங்குகின்றது.

திரிக்சியிடம் சொற்கள் இல்லை. நம் பிள்ளைகளிடமோ சொற்கள் உண்டு. ஆனால் அவை ஆங்கிலச் சொற்கள். பாடசாலையில் தன்னை ஒருவரும் விளையாட்டிற் சேர்த்துக்கொள்ளவில்லை என்னும் துயரத்தை ஆங்கிலத்திற் கூறும் பேரனுக்கும், தமிழ் மட்டுமே அறிந்த அம்மம்மாவுக்கும் நடுவே நிகழ்வது, திரிக்சிக்கும் தந்தைக்கும் நடுவே நிகழ்ந்ததே. அம்மம்மா, பிள்ளைக்குப் பசிக்கின்றது என்று எண்ணி உணவை எடுத்து வருகிறார். பிள்ளை அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறான்.

நாம் தமிழ் வகுப்புகளில் பழங்களின் பெயர், விலங்குகளின் பெயர், நிறங்களின் பெயர் யாவும் கற்பிக்கின்றோம். ஏக்கம், தவிப்பு, பிரிவு, ஆற்றாமை, பயம், வெட்கம், ஆறுதல் என்னும் சொற்களை எப்போது கற்பிக்கின்றோம்? மாம்பழத்தின் பெயரை அறிந்து, மனத்தின் நிலையைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்குத் தமிழ் வீட்டுமொழியாக நிலைப்பது அரிது. இச்சொற்களைப் பட்டியலிட்டு மனனஞ் செய்விப்பதாற் பயனில்லை. கதையின் வழியே, ‘டேவ் இப்போது எப்படித் தவித்திருப்பான்?’ என்று கேட்கும்போது அச்சொல் பிள்ளையின் உள்ளத்தில் தானே இடம் பிடிக்கும்.

எவ்வாறு வாசிக்கலாம்?

ஆங்கில நூல் தமிழ்ப் பள்ளிக்கு எதற்கு என்ற ஐயத்துக்கும் இங்கேயே விடை உண்டு. படங்களுக்கு மொழியில்லை. ஆங்கில வரிகளைக் கையால் மறைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துத் தமிழிற் கதை சொல்லுங்கள். ஆங்கிலம் அறியாத அப்பப்பாவும் அம்மம்மாவும் இதனைச் செய்யலாம். முயல் தொலைந்த பக்கத்தில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று பிள்ளையைக் கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் விடையளித்தால் கண்டிக்காது, அவ்விடையையே தமிழிற் திருப்பிச் சொல்லுங்கள். கதை முடிந்ததும், உங்கள் சிறுபராயத்தில் தொலைந்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள். மிதிவண்டியோ, பாடக்கொப்பியோ, முற்றத்து மாமரமோ, எதுவாயினும் ஆகட்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பெல்லாவைப் போல, தம்பி தங்கையர் தொலைத்த பொருளைத் தேடிக் கொடுங்கள். பெரிய பரிசைக் கொடுத்துப் பழைய நாய்ப் பொம்மையை மீட்ட அவள், பின்னர் தம்பியிடம், அக்கரடியைத் தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றே கூறிவிடுகிறாள். கொடுத்ததைச் சொல்லிக் காட்டாத அப்பண்பைப் போற்றாத தமிழ்ப் பெற்றோர் இருக்க முடியாது.

இந்நூல்களை விலைகொடுத்தே வாங்கவேண்டும் என்பதில்லை. குவீன் வீதி மேற்கிலுள்ள பார்க்டேல் கிளை நூலகத்தில் கேட்டுப் பெறலாம். சிறுவர் நூலகப் பணியில் ரொறன்ரோ மாநகருக்கு நெடிய வரலாறு உண்டு. லிலியன் ஸ்மித் அம்மையார் 1912 இல் இங்கு சிறுவர் நூலகப் பணியைத் தொடங்கினார். 1922 இல் சிறுவர்க்கென்றே தனி நூலக இல்லம் திறக்கப்பட்டது. அவர் பெயர் தாங்கிய காலேஜ் வீதி நூலகத்தில், 1949 இல் எட்கர் ஒஸ்போர்ண் என்பார் வழங்கிய பழைய சிறுவர் நூற்றொகுதி பேணப்படுகின்றது. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளுடன் சென்று காணத்தக்க இடம் அது.

தொலைந்தவை எங்கே செல்கின்றன?

பார்க்டேலும் ஒரு விளையாட்டுப் பொருளை இழந்த ஊரே. இதன் மேற்கெல்லையில், ஏரிக்கரையில், சனிசைட் என்னும் கேளிக்கைப் பூங்கா 1922 முதல் 1955 வரை இயங்கியது. நெடுஞ்சாலை அமைப்பதற்காக அப்பூங்கா அகற்றப்பட்டபோது, அங்கிருந்த குதிரை இராட்டினம் கலிபோர்னியாவில் அதே ஆண்டு திறக்கப்பட்ட டிஸ்னிலாந்துக்குச் சென்றது. இங்கே தொலைந்தது அங்கே வேறு பிள்ளைகளைச் சுமந்து சுழன்றது.

திரிக்சியின் கதையும் அவ்வாறே நிறைவு பெறுகின்றது. 2010 இல் வெளிவந்த மூன்றாம் நூலில், வளர்ந்துவிட்ட திரிக்சி, ஒல்லாந்து செல்லும் வழியில் முயலை விமானத்தில் மறந்துவிடுகிறாள். திரும்பும் பயணத்தில் அது மீண்டும் கிடைக்கின்றது. அப்போது அருகில் அழும் ஒரு கைக்குழந்தையைக் கண்டு, தன் முயலைத் தானாகவே அதற்குக் கொடுத்துவிடுகிறாள். அன்று பறிபோனதற்கு அழுதவள், இன்று மனமுவந்து கொடுக்கிறாள். அவள் அழுதபோது குடும்பமே ஓடிச் சென்று தேடியது. அவ்வன்பைப் பெற்ற பிள்ளையே பிறர் அழுகைக்கு இரங்கும் பிள்ளையாகின்றது.

ஆகவே, பெற்றோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளை ஒரு பழைய பொம்மையைக் காணவில்லை என்று அழுமாயின், புதியது வாங்கலாம் என்று உடனே கூறாதீர்கள். எங்கே கடைசியாக வைத்திருந்தாய் என்று தமிழிற் கேளுங்கள். கட்டிலின் கீழ் குனிந்து பாருங்கள். பிள்ளையுடன் சேர்ந்து தேடும் அந்தச் சில நிமிடங்களில் பேசப்படும் தமிழ், எந்த வகுப்பறையிலும் நாம் கற்பிக்க இயலாத தமிழாகும்.